பாட்டுல இருக்கார், போஸ்டர்ல இல்லை... யார் இந்த ஆல் கூப்பர்?

சின்னதா ஒரு க்விஸ். பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், தி ஹூ, ஜார்ஜ் ஹாரிசன், லினர்ட் ஸ்கினர்ட். இந்த ஆறு பேரின் இசைத்தட்டுகளிலும் வாசித்த ஒரே ஆள் யார்?

ராக் இசையை விடாமல் கேட்பவர்கள்கூட இதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். பதில், ஆல் கூப்பர். 1944-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ஆர்கன், பியானோ, கிட்டார், பிரெஞ்ச் ஹார்ன் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தவர். பாட்டு எழுதினார், பாடினார், இசைக்குழு ஆரம்பித்தார், ஆல்பம் தயாரித்தார், மற்றவர்கள் கண்டுகொள்ளாத குழுக்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

இவ்வளவு செய்தவரைப் பற்றி இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே ஒரு கதைதான் வருகிறது. 1965-ல் டிலன் ரெக்கார்டிங்குக்கு வேடிக்கை பார்க்க வந்த பையன், வாசிக்கத் தெரியாத ஆர்கனில் உட்கார்ந்து வரலாறு படைத்துவிட்டான் என்ற கதை. கேட்க ஜாலியான கதைதான். கூப்பரே அதைப் பல முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆனால், அந்த ஒரு கதைதான் அவருடைய மொத்த உழைப்பையும் மறைத்துவிட்டது என்பது என் கருத்து. 'அதிர்ஷ்டக்காரன்' என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் செய்த வேலையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

அன்று அந்த ஸ்டுடியோவில் என்னதான் நடந்தது?

1965 ஜூன் 16. நியூயார்க்கில் கொலம்பியா ரெக்கார்ட்ஸின் ஸ்டுடியோ. டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாடல் பதிவு. தயாரிப்பாளர் டாம் வில்சன், தனக்குத் தெரிந்த 21 வயது கூப்பரை 'வந்து பாரு' என்று அழைத்திருந்தார். கூப்பரோ கையில் கிட்டாரோடு போனார். யாராவது வாசிக்கச் சொன்னால் ரெடியாக இருக்கலாமே என்ற ஆசை.

அங்கே கிட்டார் வாசிக்க வந்திருந்தவர் மைக் ப்ளூம்ஃபீல்ட். அவர் கொஞ்சம் வாசித்துக் காட்டியதைக் கேட்டதுமே கூப்பர் தன் கிட்டாரை மூட்டை கட்டிவிட்டார். இந்த ஆள் இருக்கும் அறையில் நாம் கிட்டார் தொடுவதில் அர்த்தமில்லை என்று புரிந்துவிட்டது.

பதிவின் நடுவே, ஆர்கனில் இருந்த பால் கிரிஃபினைப் பியானோவுக்கு மாற்றினார்கள். ஆர்கன் காலி. 'எனக்கு ஒரு நல்ல ஐடியா இருக்கு, நான் வாசிக்கட்டுமா' என்று கூப்பர் கேட்டார். நீ ஆர்கன் வாசிக்கிறவன் இல்லையே என்றார் வில்சன். அதற்குள் அவருக்கு ஒரு போன் வர, அந்த இடைவெளியில் கூப்பர் போய் ஆர்கனில் உட்கார்ந்துவிட்டார். ஹேமண்ட் ஆர்கனை ஆன் செய்வதற்கே ஒரு முறை இருக்கிறது. இரண்டு ஸ்விட்ச், ஒன்றன்பின் ஒன்றாக. கிரிஃபின் அதை அணைக்காமல் எழுந்து போனதால் தப்பித்தேன் என்று கூப்பரே பின்னாளில் சொன்னார்.

பாட்டின் ஸ்வரங்கள் எழுதிய தாள் அவரிடம் இல்லை. மற்றவர்கள் எந்த கார்டுக்குப் போகிறார்கள் என்று காதில் வாங்கி, உறுதியான பிறகு அழுத்தினார். அதனால் ஆர்கன் ஒரு நூல் தள்ளித்தான் வருகிறது. பதிவை ஓட்டிக் கேட்டபோது, ஆர்கனின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார் டிலன். அவன் ஆர்கன் வாசிப்பவனே இல்லை என்று வில்சன் சொல்லியும் டிலன் விடவில்லை. ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தப் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-ம் இடம் வரை போனது. 2004-ல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட 500 சிறந்த பாடல்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

கதை இவ்வளவுதான். எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நாம் கொஞ்சம் பின்னால் போவோம்.

நான்கு மாதத்துக்கு முன்னால்...

1965 பிப்ரவரியில் அமெரிக்காவின் நம்பர் ஒன் பாடல் எது தெரியுமா? கேரி லூயிஸ் அண்ட் தி ப்ளேபாய்ஸ் குழுவின் 'திஸ் டைமண்ட் ரிங்'. அதை எழுதிய மூன்று பேர்: பாப் பிராஸ், இர்வின் லெவின், ஆல் கூப்பர்.

ஆமாம், அதே கூப்பர்தான். டிலன் ஸ்டுடியோவுக்குள் 'ஒன்றும் தெரியாத பையனாக' நுழைவதற்கு நான்கு மாதம் முன்பே அவர் எழுதிய பாடல் நாட்டின் முதலிடத்தில் இருந்தது. 'ஷார்ட் ஷார்ட்ஸ்' என்ற பாடலால் புகழ்பெற்ற ராயல் டீன்ஸ் குழுவில் பள்ளி வயதிலேயே கிட்டார் வாசித்தவர் அவர். அதற்குப் பிறகு நியூயார்க்கின் பிராட்வே பகுதியில், பாடல் எழுதி விற்பவர்கள் நிறைந்த கட்டடத்தில் வேலை. அங்கே வேலை என்றால், தினமும் பாட்டு எழுதணும், அதன் மாதிரிப் பதிவைத் தானே வாசித்து, பாடி முடிக்கணும், யாராவது வாங்குவார்களா என்று அலையணும். மறுநாள் அதே வேலை மறுபடியும்.

இப்போது அந்த ஆர்கன் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். தெரியாத பாட்டு. முன்னால் தாள் இல்லை. மற்றவர்கள் போகும் திசையைக் காதால் பிடித்து, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து வாசிக்கணும். நூற்றுக்கணக்கான பாடல்களின் கட்டமைப்பு உள்ளே ஊறிப்போன ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும். அவருக்குத் தெரியாமல் இருந்தது அந்த வாத்தியத்தின் ஸ்விட்ச் மட்டும்தான். பாட்டு எப்படி நடக்கும் என்பது நன்றாகவே தெரியும்.

அன்றைய வாய்ப்பு அதிர்ஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. கிரிஃபின் இடம் மாறியதும், வில்சனுக்கு போன் வந்ததும் அதிர்ஷ்டம்தான். அந்த இடத்தில் உட்கார்ந்து எதை வாசிப்பது என்ற முடிவு அதிர்ஷ்டம் இல்லை.

செஷன் மியூசிஷியன் என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். ஒரு பாடகரோ குழுவோ ரெக்கார்டிங் செய்யும்போது, அந்த வேலைக்கு மட்டும் கூலிக்கு அழைக்கப்படும் வாத்தியக்காரர்தான் செஷன் மியூசிஷியன். அமெரிக்காவில் இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் இதற்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. வழக்கமான கணக்கு, ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம். வா, வாசி, வாங்கிக்கொண்டு போ.

அந்தப் பாட்டு பத்துப் பிரதி விற்றாலும் அதே கூலிதான். கோடிப் பிரதி விற்றாலும் அதே கூலிதான். பாடல் எழுதியவருக்கோ கதை வேறு. பாட்டு விற்றாலும், ரேடியோவில் ஒலித்தாலும், வேறு யாராவது திரும்பப் பாடினாலும் அவருக்கு ராயல்டி வரும். சட்டத்தின் கண்ணில் 'பாட்டு' என்பது மெட்டும் வரிகளும். ஸ்டுடியோவில் ஒருவர் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்து வாசிக்கும் துணுக்கு, எவ்வளவு புகழ்பெற்றாலும் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

கூப்பரின் வாழ்க்கையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 'திஸ் டைமண்ட் ரிங்' பாடலை அவர் டிரிஃப்டர்ஸ் போன்ற கறுப்பினக் குழுவை மனதில் வைத்து எழுதினார். வெளிவந்த வடிவம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. 70-களில் தன் சொந்த ஆல்பத்தில் வேறு மாதிரி திரும்பப் பாடியும் பார்த்தார். ஆனால், அந்தப் பாட்டில் அவர் பெயர் எழுத்தாளர் இடத்தில் அழியாமல் இருக்கிறது. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' இன்றைக்கும் உலகம் முழுக்க ஒலிக்கிறது. அந்த ஆர்கனை எடுத்துவிட்டால் பாட்டு பாதிதான். அதில் எழுத்தாளர் பெயர் டிலன் மட்டும். பிடிக்காத பாட்டில் உரிமை உண்டு, அடையாளமாகிப்போன பாட்டில் இல்லை.

டிலன் எழுதிய பாட்டுக்கு டிலன் பெயர் இருப்பது நியாயம். அதில் சண்டை இல்லை. நடுவில் இருக்கும் அந்த உழைப்புக்கு ஒரு கணக்கே இல்லை என்பதுதான் பிரச்னை.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், வாசித்தவர், பாடியவர் யாருக்கும் போகாது. 1995-க்குப் பிறகு வந்த சட்டத்தால் இணைய ரேடியோ, சாட்டிலைட் ரேடியோவுக்கு மட்டும் விதி மாறியது. அந்தப் பணத்தில் 50 சதவிகிதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவிகிதம் முதன்மைக் கலைஞருக்கு, மிச்சம் 5 சதவிகிதம் பின்னணியில் வாசித்த, பாடிய எல்லோருக்கும் சேர்த்து. அதிலும் 1972-க்கு முந்தைய பதிவுகள் இந்த மத்திய சட்டத்தின் கீழ் வந்ததே 2018-ல்தான். 1965-ல் வாசித்த ஒரு ஆர்கனுக்கு, 53 வருஷம் கழித்துத்தான் சட்டம் கதவைத் திறந்தது.

'தேங்க்ஸ்' மட்டும் போதுமா?

1966-ல் டிலன் 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' ஆல்பத்துக்காக நாஷ்வில் நகரத்துக்குப் போனார். கூடவே கூப்பரையும் அழைத்துப் போனார். அங்கே கூப்பரின் வேலை ஆர்கன் வாசிப்பது மட்டும் இல்லை. ஹோட்டல் அறையில் டிலன் பாட்டு எழுதிக்கொண்டிருப்பார். கூப்பர் பியானோவில் அந்த மெட்டை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருப்பார். பிறகு டிலனுக்கு முன்பே ஸ்டுடியோவுக்குப் போய், உள்ளூர் வாத்தியக்காரர்களுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பார். டிலன் வந்து சேரும்போது எல்லோரும் தயார்.

இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால் இது ப்ராஜெக்ட் லீட் வேலை. அன்று ஆல்பத்தில் அவர் பெயர் வாத்தியக்காரர்கள் பட்டியலில் ஒன்று. 1970-ல் வந்த டிலனின் 'நியூ மார்னிங்' ஆல்பத்தில் தயாரிப்பு வேலையில் கூப்பருக்குப் பெரிய பங்கு இருந்தது. அட்டையில் தயாரிப்பாளர் என்று இருப்பது பாப் ஜான்ஸ்டனின் பெயர். கூப்பருக்கு 'சிறப்பு நன்றி'.

வேலையைத் தூக்கிச் சுமந்துவிட்டு, கடைசியில் மெயிலில் 'ஸ்பெஷல் தேங்க்ஸ்' மட்டும் வாங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், இந்த வரியை இரண்டாவது முறை படிக்க வேண்டியிருக்காது.

சொந்தக் குழுவிலேயே இடம் இல்லை

'சரி, அடுத்தவருக்கு உழைத்தால் அப்படித்தான். சொந்தமா ஏதாவது செய்திருக்கலாமே?' என்று கேட்கலாம். செய்தார்.

1967-ல் 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார். ராக் குழுவோடு ட்ரம்பெட், சாக்ஸஃபோன், ட்ராம்போன் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய பட்டாளம். ராக்கையும் ஜாஸையும் ஒரே தட்டில் வைக்கும் யோசனை அவருடையது. 1968 தொடக்கத்தில் முதல் ஆல்பம் 'சைல்ட் இஸ் ஃபாதர் டு தி மேன்' வந்தது. பெரும்பாலும் அவர் பாடியது, முக்கியமான பாடல்கள் அவர் எழுதியது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், விற்பனை சுமார்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. இன்னும் வலுவான குரல் உள்ள பாடகர் வேண்டும் என்று குழுவில் சிலர் நினைத்தார்கள். கூப்பர் வெளியேறினார். டேவிட் க்ளேடன்-தாமஸ் பாடகராக வந்தார். இரண்டாவது ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்கள் அமெரிக்காவில் 2-ம் இடம் வரை போயின. 1970-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் அந்த ஆல்பம் வாங்கியது. அந்த வருஷம் போட்டியில் பீட்டில்ஸின் 'ஆபி ரோட்' இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்-அப் ஆரம்பித்தவரை அனுப்பிவிட்டு கம்பெனி ஹிட் ஆவதை நாம் இப்போது அடிக்கடி செய்திகளில் படிக்கிறோம். 1968-ல் ராக் இசையில் அது நடந்துவிட்டது.

கூப்பர் உட்கார்ந்து அழவில்லை. அதே 1968-ல் மைக் ப்ளூம்ஃபீல்டை அழைத்து ஒரு ஆல்பத்துக்குத் திட்டமிட்டார். ஜாஸ்காரர்கள் போல ராக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, முன்கூட்டி எழுதி வைக்காமல் வாசித்தால் எப்படி இருக்கும் என்பது யோசனை. முதல் நாள் ப்ளூம்ஃபீல்ட் பிரமாதமாக வாசித்தார். தூக்கம் வராமல் அவதிப்பட்ட அவர், மறுநாள் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஸ்டுடியோ புக் ஆகியிருக்கிறது, கிட்டார் வாசிக்க ஆள் இல்லை. கூப்பர் போனை எடுத்துத் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். வந்து சேர்ந்தவர் ஸ்டீபன் ஸ்டில்ஸ். ஒரு பக்கம் ப்ளூம்ஃபீல்ட், மறுபக்கம் ஸ்டில்ஸ் என்று 'சூப்பர் செஷன்' ஆல்பம் வந்தது. கோல்டு விற்பனை. பெரிய கலைஞர்கள் ஒன்றுகூடி ஜாம் செய்து ஆல்பம் வெளியிடும் வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி.

அவருடைய உண்மையான திறமை எது?

என்னைக் கேட்டால், அவர் உலகத்தின் மிகச்சிறந்த ஆர்கன் கலைஞர் இல்லை. கிட்டாரில் ப்ளூம்ஃபீல்டுக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டவர். குரலும் மெல்லிசான குரல்தான். அவருடைய பலம் வேறு. ஒரு பாட்டில் எது இல்லை என்பது அவர் காதுக்குக் கேட்கும்.

1968 நவம்பரில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாடலைப் பதிவு செய்தது. கூப்பர் பியானோவும் ஆர்கனும் வாசித்தார். போகும்போது, 'பிறகு இதற்கு ஹார்ன் வேண்டுமென்றால் டேப்பை அனுப்புங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தார். பல மாதம் கழித்து டேப் வந்தது. பெரிய ஹார்ன் பட்டாளத்துக்கு இசை எழுதிப் பார்த்தார். அது சரிப்படவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பிரெஞ்ச் ஹார்ன். பாட்டு ஆரம்பத்தில் பாடகர் குழு பாடி முடித்ததும் கிட்டாரோடு தனியாக ஒலிக்கிறதே, அதுதான். அதை வாசித்ததும் அவரே. அந்தச் சில நொடிகள் இல்லாமல் அந்தப் பாட்டை இன்று நினைத்துப் பார்க்க முடியாது.

ஸோம்பீஸ் குழுவின் கதை இன்னும் சுவாரஸ்யம். அவர்களுடைய 'ஒடெஸ்ஸி அண்ட் ஆரகிள்' ஆல்பம் 1968-ல் இங்கிலாந்தில் வந்து கண்டுகொள்ளப்படாமல் போனது. அதற்கு முன்பே குழு கலைந்துவிட்டது. அப்போது கொலம்பியாவில் வேலை பார்த்த கூப்பர், லண்டன் போனபோது அந்த ஆல்பத்தை வாங்கி வந்தார். கேட்டதும், இதை அமெரிக்காவில் வெளியிட்டே ஆகணும் என்று கம்பெனித் தலைவரிடம் போய் நின்றார். அதிலிருந்த 'டைம் ஆஃப் தி சீஸன்' 1969-ல் அமெரிக்காவில் 3-ம் இடம் பிடித்தது. இந்தப் பாட்டில் கூப்பர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. அவர் காது இல்லாவிட்டால் நாம் இதைக் கேட்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

70-களின் தொடக்கத்தில் அட்லாண்டாவில் ஃபுனோகியோஸ் என்ற கிளப்பில் ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தது. கூப்பர் பல இரவு தொடர்ந்து போய்க் கேட்டார். அதுதான் லினர்ட் ஸ்கினர்ட். எம்.சி.ஏ. நிறுவனத்தின் ஆதரவோடு 'சவுண்ட்ஸ் ஆஃப் தி சவுத்' என்ற லேபிளை ஆரம்பித்து அவர்களை ஒப்பந்தம் செய்தார். முதல் மூன்று ஆல்பங்களும் அவர் தயாரிப்பு. 'ஃப்ரீ பேர்ட்', 'ஸ்வீட் ஹோம் அலபாமா' எல்லாம் அந்த வரிசையில் வந்தவைதான். 'ஃப்ரீ பேர்ட்' ஆரம்பத்தில் தேவாலயத்தில் ஒலிப்பதுபோல ஒரு ஆர்கன் வரும். வாசித்தது கூப்பர். அந்த ஆல்பத்தில் வாத்தியக்காரராக அவர் போட்டுக்கொண்டது புனைபெயர்.

அவரிடம் தப்பே இல்லையா?

இருக்கிறது. 'சிம்பிள் மேன்' பாட்டை ஆல்பத்தில் சேர்க்க கூப்பருக்கு விருப்பமில்லை என்றும், பாடகர் ரோனி வான் ஜான்ட் அவரை வெளியே காருக்கு அழைத்துப்போய், 'முடிஞ்சதும் கூப்பிடுறோம்' என்ற பாணியில் உட்கார வைத்துவிட்டுப் பதிவு செய்ததாகவும் குழுவினர் சொல்வார்கள். அந்தப் பாட்டு இன்று அவர்களுடைய மிகப் பிரபலமான பாடல்களில் ஒன்று. மற்றவர் பாட்டில் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் காதும் சில நேரம் தப்பு செய்யும்.

சொந்தப் பெயரில் வந்த ஆல்பங்கள் பெரிதாக ஓடவில்லை என்பதும் உண்மை. அவரை 'பெரிய நட்சத்திரமாக ஆகியிருக்க வேண்டியவர்' என்று சொல்லும் ரசிகர்களோடு நான் உடன்படவில்லை. மேடையின் நடுவில் நிற்பதற்கு வேறு மாதிரி குரல் வேண்டும், வேறு மாதிரி பிடிவாதம் வேண்டும். ஒரு குழுவிலிருந்து இன்னொன்று, ஒரு வேலையிலிருந்து இன்னொன்று என்று தாவியவர் அவர். அப்படித் தாவியதால்தான் இத்தனை இடங்களில் அவர் கைரேகை இருக்கிறது. நட்சத்திரமாக ஆகவில்லை என்பதால் அவர் தோற்றவர் என்று முடிவு செய்தால், நம்முடைய அளவுகோல்தான் சின்னது.

எழுத்தாளராக அவர் செய்தது தனிக்கதை. முதல் 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' ஆல்பத்துக்கு அவர் எழுதிய 'ஐ லவ் யூ மோர் தன் யூ வில் எவர் நோ' பாடலைப் பின்னர் சோல் இசைப் பாடகர் டானி ஹாத்வே பாடினார். அதற்குப் பிறகு அது எத்தனையோ பாடகர்களின் மேடைப் பாட்டாகிவிட்டது. 'தி லேண்ட்லார்ட்' என்ற படத்துக்கு அவர் 1970-ல் போட்ட ஒரு தீம் இசையை எடுத்து, 2000-ல் ராப் பாடகர் ஜே-ஸீயின் ஒரு பாட்டுக்கு அடித்தளம் ஆக்கினார்கள். ராப் கேட்டு வளர்ந்த தலைமுறை, பெயர் தெரியாமலேயே கூப்பரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

58 வருஷக் காத்திருப்பு

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்பது அந்த உலகத்தின் உயரிய மரியாதைகளில் ஒன்று. அதில் சேர்ந்த வருஷங்களை வரிசையாகப் பாருங்கள். டிலன் 1988. ரோலிங் ஸ்டோன்ஸ் 1989. தி ஹூ 1990. ஹெண்ட்ரிக்ஸ் 1992. தனிக் கலைஞராக ஜார்ஜ் ஹாரிசன் 2004. லினர்ட் ஸ்கினர்ட் 2006. ஸோம்பீஸ் 2019.

ஆல் கூப்பர்? 2023.

யாருக்கெல்லாம் வாசித்தாரோ, யாரையெல்லாம் கண்டுபிடித்தாரோ, யாருக்கெல்லாம் வாதாடினாரோ, அவர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு கடைசியாக அவர். விழா நடந்த இடம் அவர் பிறந்த அதே புரூக்ளின். அப்போது அவருக்கு 79 வயது. அந்த ஆர்கனை வாசித்து 58 வருஷம் ஆகியிருந்தது.

அவருக்குக் கிடைத்தது 'இசைச் சிறப்பு' என்ற பிரிவில். 2010 வரை அந்தப் பிரிவின் பெயர் 'சைட்மேன்'. பக்கத்தில் நிற்பவர் என்று அர்த்தம். பெயரை மாற்றியது நல்ல விஷயம். ஆனால், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய அரை நூற்றாண்டு ஆனது ஏன் என்ற கேள்விக்கு பெயர் மாற்றம் பதில் இல்லை.

நாம என்ன செய்யலாம்?

ஒரு பாட்டு பலர் கூடிச் செய்வது. ஒரு படம், ஒரு ஆப், ஒரு பிரசன்டேஷன்கூட அப்படித்தான். எழுதியவர், பாடியவர் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத உழைப்பு நடுவில் நிறைய இருக்கிறது. அதைப் பணத்தில் கணக்கிட சட்டம் மாறவேண்டும். வாத்தியக்காரர்களுக்கான அந்த 5 சதவிகிதப் பங்கு கூடவேண்டும், சாதாரண ரேடியோவும் அவர்களுக்குத் தரவேண்டும் என்பது என் நிலைப்பாடு. சட்டம் மாறுவதற்கு நாளாகும். பெயரைச் சொல்வதற்கு அவ்வளவு நாள் தேவையில்லை.

ஸ்ட்ரீமிங் ஆப்களில் பாட்டின் பக்கத்தில் 'கிரெடிட்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. பெரும்பாலும் நாம் அதைத் தொடுவதே இல்லை. தொட்டாலும், பல பழைய பாடல்களுக்கு வாசித்தவர்கள் பெயர் அதில் முழுதாக இருப்பதில்லை. நாம் கேட்க ஆரம்பித்தால்தான் கம்பெனிகள் அதை நிரப்ப ஆரம்பிக்கும்.

இன்னைக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கிட்டு இந்த ஐந்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்:

1. லைக் எ ரோலிங் ஸ்டோன்: டிலன் குரலை விட்டுவிட்டு, ஒரு நூல் தள்ளி வரும் ஆர்கனை மட்டும் பின்தொடருங்கள்.

2. யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்: பாடகர் குழு முடித்ததும் வரும் பிரெஞ்ச் ஹார்ன்.

3. ஃப்ரீ பேர்ட்: கிட்டார் ஆர்ப்பாட்டம் தொடங்கும் முன், முதல் நிமிடத்து ஆர்கன்.

4. ஐ லவ் யூ மோர் தன் யூ வில் எவர் நோ: முதலில் கூப்பர் பாடியது, அடுத்து டானி ஹாத்வே பாடியது. எழுத்தின் பலம் என்னவென்று புரியும்.

5. டைம் ஆஃப் தி சீஸன்: இதில் கூப்பரைத் தேடாதீர்கள், இருக்க மாட்டார். இந்தப் பாட்டு நம் காது வரை வந்து சேர்ந்ததில் அவர் பங்கு இருக்கிறது.